உறைக்குள் எவ்வளவு

கிளம்புவதற்கு முந்தைய இரவு, கூடாரத்துக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து மூன்று பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். தங்கை, அவள் வீட்டுக்காரர், நான். கென்யாவின் மசாய் மாராவில் மூன்று நாள் இருந்தாயிற்று. கீழே ஆற்றில் நீர்யானை ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. மேசைமேல் இரண்டு கவர்கள். ஒன்றில் ‘வழிகாட்டி’ என்றும் இன்னொன்றில் ‘முகாம் பணியாளர்கள்’ என்றும் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கூடவே ஓர் அட்டை. டிப்ஸ் கொடுப்பது கட்டாயமில்லை, முழுக்க உங்கள் விருப்பம் என்று ஆரம்பித்து, விருந்தினர்கள் அடிக்கடி கேட்பதால் மட்டுமே சொல்கிறோம் என்று தயங்கி, பிறகு தொகையைச் சொன்னது அந்த அட்டை. வழிகாட்டிக்கு, விருந்தினர் ஒருவர் நாளொன்றுக்கு 10 முதல் 15 டாலர். மற்ற எல்லாப் பணியாளர்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 10 டாலர். யார் கையிலும் தனியாகக் கொடுக்க வேண்டாம், அலுவலகக் கூடாரத்தில் பெட்டி இருக்கிறது.

தங்கை வீட்டுக்காரர் நைரோபியில் கணக்காளர். சட்டென்று சொல்லிவிட்டார்: “மூணு பேர், மூணு நாள். டிரைவருக்கு 135, பெட்டிக்கு 90. முடிஞ்சது.”

எனக்கு முடியவில்லை. முகாமில் வேலை செய்பவர்கள் ஏறக்குறைய 30 பேர் என்று அன்று காலைதான் தெரிந்துகொண்டிருந்தேன். ஒருவருக்கு 135, முப்பது பேருக்கு 90. தலைக்கு 3 டாலர். மற்ற கூடாரக்காரர்களும் பெட்டியில் போடுவார்கள்தான். வழிகாட்டிக்கோ அந்த மூன்று நாளும் எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் அந்த இரண்டு கவர்களின் கனம் ஒன்றாக இல்லை.

சஃபாரி போகிறவர்களை உண்மையாகவே தூங்கவிடாத கேள்வி இது. கிளம்பும் முன் நானும் படித்துவிட்டுத்தான் போனேன். 2006க்கு முன் அச்சான டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டு நாணயங்களை வங்கியில் மாற்ற முடியாது என்பதால் சில்லறை கொடுப்பது வீண். உள்ளூர் ஷில்லிங்காகவே கொடுத்தால் வாங்குகிறவருக்குச் சௌகரியம். இப்படி எவ்வளவு, எப்போது, எந்த நோட்டாக என்பதற்கெல்லாம் பதில் கிடைத்தது. யாருக்கு என்பதற்குக் கிடைத்த பதில் மட்டும் விசித்திரமாக இருந்தது: வழிகாட்டிக்கு, அப்புறம் ‘மற்றவர்களுக்கு’.

அந்த வழிகாட்டியைப் பற்றி எங்களுக்கு நிறையத் தெரியும். காலை ஆறு மணிக்கு வண்டியோடு நிற்பார். மேய்கிற மான்கள் சட்டென்று தலை தூக்கி எல்லாமே ஒரே பக்கம் பார்ப்பதை வைத்து, சிறுத்தை எந்தப் புதரில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சட்டைப் பையின்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னம். கென்யாவில் 1996 முதல் சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று ஒரு தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. தேர்வு எழுதி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அவர் அடுத்ததாகத் தங்கத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு விடுதிப் பள்ளி. இதெல்லாம் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே வண்டியில் நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் கேட்காமல் இருக்க முடியாது.

முதல் நாள் இரவு போர்வைக்குள் கால் வைத்ததும் ஏதோ கதகதப்பாகத் தட்டுப்பட்டு நான் போட்ட அலறலில் காவலாளி டார்ச்சோடு ஓடி வந்தார். வெந்நீர்ப் பை. மாராவின் இரவுகள் குளிரும் என்பதால், நாங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் யாரோ வந்து, கொசுவலையை இறக்கி, ஜிப்பை இழுத்து மூடி, படுக்கைக்குள் சூடான பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளும் வைத்தார்கள். யார் என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் இலக்கணம். விருந்தினர் உள்ளே இருந்தால் வரக் கூடாது. திரும்பி வருவதற்குள் போயிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. குண்டும் குழியுமான பாதையில் இன்னொரு சுற்றுக்கு உடம்பு ஒத்துழைக்காது என்று நான் மட்டும் தங்கிவிட்டேன். பத்து மணி வாக்கில் அவர் துடைப்பத்தோடு வந்தார். என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பப் போனவரை நான்தான் கூப்பிட்டேன். ஸ்வாஹிலியில் சகோதரிக்கு ‘டாடா’, சகோதரனுக்குக் ‘காக்கா’. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவர்கள் நமக்கும் உண்டல்லவா. “டாடா, உள்ளே வாங்க” என்றேன்.

குளியலறைக் கம்பியில் என் உள்ளாடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து அவர் சிரித்தார். ஆப்பிரிக்க சஃபாரி முகாம்கள் பலவற்றில் துணி துவைப்பது இலவசம், பெண்களின் உள்ளாடைகளைத் தவிர. பண்பாட்டுக் காரணங்களுக்காக என்று எழுதி, ஒரு கிண்ணத்தில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். சாயந்திரம் கொடுத்த பேண்ட் மறுநாள் இஸ்திரி போட்டு வரும். உள்ளாடையை நாமே அலசிக்கொள்ள வேண்டும். எங்கள் முகாமில் துவைப்பது ஆண்கள். நாளுக்குப் பல நூறு டாலர் வாங்கும் இடத்திலும் பெண் உடம்பின் தீட்டு எல்லை தாண்டாமல் நிற்கிறது. அவர் கூடாரத்துக்குப் பின்னால் வெயில் படும் இடத்தில் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தார். “இங்கே யாரும் வர மாட்டார்கள். பபூன் மட்டும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

பேசினோம். முகாமில் பெண்கள் ஐந்து பேர். ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. அவர் வீடு பொமெட் பக்கம். இரண்டு குழந்தைகள் அவருடைய அம்மாவிடம் வளர்கின்றன. ஏப்ரல், மே மாதங்களின் நீண்ட மழையில் பாதை சேறாகிவிடும். விருந்தினர் வராததால் முகாமையே மூடிவிடுவார்கள். அப்போது டிப்ஸ் இல்லை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை காட்டெருமைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காலம். அப்போது சம்பளத்தைவிட டிப்ஸ் அதிகமான மாதங்களும் உண்டு.

நான் பர்ஸிலிருந்து 20 டாலர் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், கூடார வாசலைப் பார்த்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெட்டியில் போட்டுவிடுங்கள் என்றார். யாருக்கும் தெரியாது என்றேன். அப்போதும் வாங்கவில்லை. சரி, உங்கள் நம்பரைக் கொடுங்கள், தங்கை எம்பெசாவில் அனுப்பிவிடுவாள் என்றேன். கென்யாவில் 2007 முதல் கைப்பேசி வழியாகவே பணம் போய் வருகிறது. காய்கறிக்காரி வரை அதில்தான் வாங்குகிறார். அதையும் மறுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: பகலில் கூடாரத்தில் தங்குகிற விருந்தினர் வருஷத்துக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். பார்த்தவர்களுக்குத்தான் கொடுப்போம் என்று எல்லோரும் ஆரம்பித்தால் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிறவருக்கு யார் கொடுப்பார்கள்? எனக்கே யார் கொடுப்பார்கள்? முன்பெல்லாம் பெட்டியை மேலாளர்தான் திறந்து பிரிப்பார். இப்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எண்ணுகிறோம். அதில் நான் ஒருத்தி.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தை யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை. அவர் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை; இன்னும் சரியாகப் பிரிகிற இடத்தில் போடச் சொன்னார், அவ்வளவுதான். அப்படியிருக்க எனக்கு ஏன் வலித்தது? நான் கொடுக்க நினைத்தது 20 டாலர். நான் வாங்க நினைத்தது அவர் முகத்தில் ஒரு நிமிடம் வந்து போகும் மலர்ச்சி. பெட்டிக்கு முகம் இல்லை.

டிப்ஸுக்கு ஸ்வாஹிலியில் ‘பக்‌ஷிஷி’ என்றே பெயர். நம்மூர்ப் பழைய பேச்சில் இருந்த பக்‌ஷீஸும் அதுதான். இரண்டும் பாரசீகத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. மூலமான வினைச்சொல்லுக்கு ‘கொடு’, ‘மன்னி’ என இரண்டு பொருளும் உண்டு. இரண்டையுமே மேலே இருக்கிறவர்தான் செய்ய முடியும். நாம் சொல்லும் ‘இனாம்’ அரபியிலிருந்து வந்தது. அரசர் உவந்து கொடுத்த நிலத்துக்கும் அதே பெயர். கூலி என்பது வேறு மாதிரிச் சொல். கூலி கொடுக்காதவர்மேல் சண்டைக்குப் போகலாம், பஞ்சாயத்து வைக்கலாம். இனாம் தராதவரை என்ன செய்ய முடியும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அதையும் அவர் போன பிறகுதான் செய்யலாம்.

கொடுக்கிறவருக்கு விருப்பமாகவும் வாங்குகிறவருக்கு வயிறாகவும் இருக்கிற இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சஃபாரிக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் வந்திறங்கி வேட்டைக்குப் போனபோது சுமார் 250 சுமைதூக்கிகள் கூடப் போனார்கள். புகைப்படங்களில் துப்பாக்கி ஏந்தியவர் தெரிகிறார். சுமையின் கீழே இருந்தவர்கள் வரிசையாகத் தெரிகிறார்கள், பெயர் இல்லாமல். கென்யாவில் விலங்கு வேட்டை 1977இல் தடை செய்யப்பட்டது. துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது. முன்னால் போகிற ஒருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

டிப்ஸைப் பெரிய அமைப்பாக வளர்த்தெடுத்ததில் அமெரிக்க ரயிலுக்கும் பங்கு உண்டு. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு புல்மன் கம்பெனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலைக்கு எடுத்தது, பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. முதலாளியின் பெயர் ஜார்ஜ் என்பதால் பயணிகள் அத்தனை பணியாளரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். 1925இல் அவர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள்; கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1937 ஆயிற்று. அந்த ரயில்களில் கறுப்பினப் பணிப்பெண்களும் இருந்தார்கள். பெண் பயணிகளின் தலைவாரி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். சங்கத்தின் பெயரில் முதலில் அவர்களும் இருந்தார்கள். பிறகு அந்தச் சொல் பெயரிலிருந்து விழுந்துவிட்டது. இன்றும் அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அதே தொகை. மிச்சத்தை உணவகத்துக்கு வருகிறவர்களின் மனநிலை பார்த்துக்கொள்ளும்.

மனநிலையைக் கவனித்துக்கொள்வதும் வேலைதான், அதுவும் பெண்கள் காலங்காலமாகச் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலை என்பதை 1983இல் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார். உணர்வு உழைப்பு என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வழிகாட்டியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சிங்கம் கிடைக்காத மதியத்தில் நாங்கள் சோர்ந்துவிடாதபடி கதை சொன்னார். மாப்பிள்ளையின் அரசியல் கருத்துகளுக்கெல்லாம் தலையாட்டினார். ஆணோ பெண்ணோ, டிப்ஸை நம்பி வாழ்கிறவர் மனைவியின் இடத்துக்கு வந்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. உழைப்புக்கு அல்ல, உழைப்பு தந்த திருப்திக்குக் காசு. எவ்வளவு என்பது கொடுக்கிறவர் கையில். வீட்டுச் செலவுக்கென்று மாதாமாதம் கொடுக்கப்படும் பணத்தை வேறு எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத்தொகை’ என்று வைத்ததில், மற்ற விவாதங்கள் எப்படியிருந்தாலும், ஒரு சொல்லளவு வெற்றி இருந்தது. தொகை அதேதான். கேட்கிறவரின் முதுகு மட்டும் நிமிர்கிறது.

நான் இதை மேலே இருந்து எழுதவில்லை. என் அம்மா அரசு மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு ஆயா. தினக்கூலியாகச் சேர்ந்து, அப்படியே வெகுகாலம் இருந்தவர். பிரசவ அறைக் கதவைத் திறந்து என்ன குழந்தை என்று சொல்ல வருகிறவர் அம்மாதான். ஆண் குழந்தை என்றால் 50 ரூபாய் கிடைக்கும், சிலர் 100கூடக் கொடுப்பார்கள். பெண் என்றால் 20. மூன்றாவது பெண் என்றால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. கூட வந்தவர்கள் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். ரத்தம் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான் கழுவ வேண்டும். வேலைக்கும் டிப்ஸுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அம்மா கேட்டும் வாங்கியிருக்கிறார். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டே, “சந்தோஷமா ஏதாச்சும் குடுங்க” என்று வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே தாய் இன்னும் தையல் முடியாமல் கிடப்பார். வெளியே இருக்கிறவர் கந்துவட்டிக்கு வாங்கிய காசோடு நிற்கும் கிழவியாக இருக்கலாம். இது டிப்ஸா, லஞ்சமா? கென்யாவிலும் லஞ்சத்தைச் ‘சாய்’ என்கிறார்கள், தேநீர். நாமும் டீக்குக் காசு என்றுதான் கேட்கிறோம். வேலைக்கு முன்னால் கொடுத்தால் லஞ்சம், பின்னால் கொடுத்தால் டிப்ஸ் என்று ஒரு கோடு போடுவார்கள். ஆனால் பின்னால் கொடுப்பதை எதிர்பார்த்து முன்னால் சிரிக்க வேண்டியிருக்கிறதே, அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம்? என் கல்லூரி விடுதிக் கட்டணத்தில் அந்த 20 ரூபாய்களும் இருக்கின்றன. ஏழைப் பெண்களிடமிருந்து இன்னொரு ஏழைப் பெண் வாங்கி, அவள் மகள் தத்துவம் படித்தாள். இதற்கு நான் அம்மாவைக் குற்றம் சொல்லும் தகுதியிலும் இல்லை, இல்லவே இல்லை என்று துடைத்துப்போடவும் முடியவில்லை. அந்த வார்டில் ஒரு மாதச் சம்பளம் ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்திருந்தால் அம்மா அந்த வாசலில் நின்றிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தத்துவ வகுப்பில்தான் கான்ட்டின் கேள்வி ஒன்றைப் படித்தேன். 1797இல் வெளிவந்த நூலில், கொடைக் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்று கேட்கிறார்: ஒருவரிடம் கொடுக்க இவ்வளவு இருப்பதே, அரசின் அநீதியால் சிலர் மட்டும் செல்வராகி மற்றவர்கள் உதவி தேவைப்படுகிறவர்களாக ஆனதால்தானே? அப்படியானால் பணக்காரர் பெருமையாக நினைத்துக்கொள்ளும் அந்த உதவியைக் கொடை என்று சொல்லலாமா? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், இரவுக்கும் வைத்து, உடனேயே இரவச்சத்துக்கும் வைத்தார். கொடுப்பதன் இன்பத்தை விவரித்தவருக்கு, கேட்டு நிற்பவரின் உடல் எப்படிக் கூசும் என்பதும் தெரிந்திருந்தது.

மாராவில் அந்தக் கேள்விக்குக் காலடியில் மண் இருக்கிறது. காப்பகத்துக்குள் நுழைய 2024 முதல் என்னைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். அது நரோக் கவுண்டி நிர்வாகத்துக்குப் போகிறது. காப்பகத்தைச் சுற்றியுள்ள புல்வெளிகள் ஒரு காலத்தில் மசாய்களின் பொதுப் பண்ணைகள். அவற்றைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தபோது பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்கள் பெயரில்தான் பதிந்தார்கள். இன்று அந்த நிலத்தை வனவிலங்குக்கென்று குத்தகைக்கு எடுக்கிறவர்கள் தரும் வாடகை பட்டா யார் பெயரிலோ அவருக்குப் போகிறது. சாணமும் மண்ணும் குழைத்து அந்த வீடுகளைக் கட்டுவது பெண்கள். மசாய் வழக்கத்தில் வீடு கட்டுவதே பெண்ணின் வேலை. பட்டாவில் சுவர் தெரிவதில்லை.

இரண்டாம் நாள் ஒரு மசாய்க் கிராமத்துக்குப் போயிருந்தோம். வாசலிலேயே தலைக்கு 20 டாலர், ஓர் இளைஞர் வாங்கிக்கொண்டார். பேரம் பேசவில்லை. ஆண்கள் குதித்து ஆடினார்கள், நாங்கள் படம் எடுத்தோம். கடைசியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாசிமணிகளை விரித்திருந்த இடத்துக்கு வந்தோம். நான்கு வளையல்களுக்கு ஒரு பாட்டி 1,500 ஷில்லிங் சொன்னார். நான் 600இல் ஆரம்பித்தேன். நடந்து போவதுபோல நாலு எட்டு வைத்தேன், தி. நகரில் கற்ற வித்தை. 800க்கு முடிந்தது. வண்டியில் ஏறியதும் தங்கை பாராட்டினாள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குறைத்தது 700 ஷில்லிங், 5 டாலருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த நாள் இரவு வழிகாட்டியின் கவருக்குள் 10 டாலரா 15 டாலரா என்று பேசும்போது, 15ஆகவே இருக்கட்டும், நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று முதலில் சொன்னதும் நான்தான்.

அதே கை. ஆணிடம் கொடுக்கும்போது நம் மானம் அதில் இருக்கிறது. பெண்ணிடம் வாங்கும்போது நம் சாமர்த்தியம் இருக்கிறது. அவர் ஏமாற்றுவார் என்று தொடங்குகிறோம். இவர் உதவினார் என்று தொடங்குகிறோம். பாசி கோக்கிற பெண் விற்பனைக்காரி, அதனால் அவர் சொல்வது விலை, விலையைக் குறைக்கலாம். வண்டி ஓட்டுகிறவரும் விற்பவர்தான், ஆனால் அவரோடு நமக்கு மூன்று நாள் உறவு.

பெண்களே வழிகாட்டிகளானால் சரியாகிவிடுமா? ஆகியிருக்கிறார்கள். போட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரையில் உள்ள ஒரு விடுதியில் வழிகாட்டிகள் அத்தனை பேரும் பெண்கள். தான்சானியாவின் செரெங்கெட்டியில் சமையல் முதல் வண்டி வரை பெண்களே நடத்தும் முகாம் இருக்கிறது. படிக்கவே உற்சாகமாக இருக்கிறது. அந்த வெள்ளிச் சின்னம் நம்மூர்ப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த முகாமிலும் வெந்நீர்ப் பை வைக்கிற ஒருத்தி இருப்பாள். அவள் பிள்ளையை ஊரில் வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி ஒருத்தி இருப்பாள். அவளுக்கு எந்தக் கவரும் இல்லை.

டிப்ஸே கூடாது, சம்பளம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலியாக எழுந்து வரலாம். கொள்கைக்கு அழகு. அந்த மாதம் டாடாவின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது? என் கொள்கையின் செலவை அவர் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதைக் கொடை என்று நினைக்காமல் பாக்கி என்று நினைத்தால் சில விஷயங்கள் மாறுகின்றன. மளிகைக் கடைப் பாக்கியைக் கட்டும்போது கடைக்காரர் நெகிழ்கிறாரா என்று நாம் பார்ப்பதில்லை. சிங்கம் தெரியாவிட்டால் குறைப்பதும் இல்லை.

அன்று இரவு கவர்களை மாற்றி வைக்கலாம் என்றேன். பெட்டிக்கு 135, வழிகாட்டிக்கு 90. மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. “அட்டையில போட்டிருக்கிறதுல குறைஞ்சபட்சம் அது. நம்மால ஏதோ குறைன்னு நினைப்பார். இந்தியாக்காரங்க கஞ்சம்னு ஏற்கெனவே பேரு. பத்து மணி நேரம் வண்டி ஓட்டியிருக்காரு, அக்கா. பெட்டிக்கு வேணும்னா கூடப் போடுங்க, அவர்கிட்ட ஏன் கை வைக்கிறீங்க?” தங்கை ஒன்றும் சொல்லாமல் இரண்டு கவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருந்தது. என் பர்ஸில் அந்த 20 டாலர் நோட்டு வேறு இருந்தது. அதையும் பெட்டியில் போட்டேன். ஆனால் கவர்களையும் மாற்றத்தான் செய்தேன்.

காலையில் விமானத் தளத்தில் வழிகாட்டி கவரை இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் சட்டைப் பையில், வெள்ளிச் சின்னத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வழக்கம்போலச் சிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எதைத் தேடி என்று எனக்கே தெரியும். மூத்த மகளின் விடுதிக் கட்டணத்தில் அந்த 45 டாலர் குறைந்திருக்கும். அது சரியா என்று இப்போதும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். இப்போது 74 வயது, காது கொஞ்சம் மந்தம். கையில் நோட்டைக் கொடுத்தும் அந்தப் பெண் வாங்காததைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

“பெட்டியா? எங்க வார்டுல பெட்டி வச்சிருந்தா பெட்டியவே தூக்கிட்டுப் போயிருப்பாங்க.”

கொஞ்ச நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“எத்தன பேரு எண்ணுறாங்கன்ன?”

“அஞ்சு பேரும்மா.”

“அதுல பொம்பள?”

“ஒருத்தி.”

“ம்” என்று சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.